ஓடாத காரும் தேயும்: செட்டிநாட்டு வீடுகளில் சொகுசுக் கார்களின் ஆயுள்

பள்ளத்தூர், கானாடுகாத்தான், கோட்டையூர்ப் பக்கம் பெரிய வீட்டுக் கொட்டகைகளில் துணி போர்த்தி நிற்கும் ஜெர்மன் கார்கள் பலவற்றுக்கு ஜாதகம் ஒன்றுதான். வயது பன்னிரண்டு இருக்கும், மீட்டர் 40,000 தாண்டியிருக்காது. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ இருப்பார்கள். கல்யாணம், சாந்தி, படைப்பு, பிள்ளையார் நோன்பு என்று ஊருக்கு வரும்போது கார் வெளியே வரும்; அடுத்த விசேஷம் வரை மறுபடி நிற்கும். விற்பனைக்கு வந்தால் “ஓட்டமே இல்லாத வண்டி” என்று சொல்லி விலை கூட்டுவார்கள். வாங்குபவரும் அதை நம்பித்தான் வாங்குவார்.

அந்தக் கணக்கு தவறு. இன்ஜினுக்குள் இருக்கும் இரும்புக்கும் அலுமினியத்துக்கும்தான் வயதைக் கிலோமீட்டர் சொல்லும். அவற்றைச் சுற்றியிருக்கும் ரப்பர், பிளாஸ்டிக், ஆயில், கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்), பேட்டரி எல்லாவற்றுக்கும் வயதைச் சொல்வது காலண்டர். சின்னக் காருக்கும் இது பொருந்தும். ஆனால் அதில் இரும்பு ஸ்பிரிங், பெல்ட்டில் சுற்றும் வாட்டர் பம்ப், கன்ட்ரோல் யூனிட் என்ற குட்டிக் கம்ப்யூட்டர் நாலைந்தோடு விஷயம் முடிந்துவிடும். சொகுசுக் காரில், பல மாடல்களில், ஸ்பிரிங் இருக்கவேண்டிய இடத்தில் காற்றுப் பை, மின்சாரத்தில் ஓடும் வாட்டர் பம்ப், டஜன்கணக்கில் கன்ட்ரோல் யூனிட்டுகள். காலண்டர் தின்னக்கூடிய சாமான் அதில்தான் அதிகம். முகப்பில் நிற்கும் பர்மாத் தேக்குத் தூண் நூறு வருடம் தாங்கும். பானெட்டுக்குள் இருக்கும் கூலன்ட் டேங்கின் நைலான் பத்து வருடம் தாங்கினாலே பெரிது.

முதலில் போவது பேட்டரி

பூட்டிவிட்டுப் போனாலும் இந்தக் கார் முழுசாகத் தூங்காது. கதவுப் பூட்டு, சாவியைத் தேடும் ஆன்டெனா, அலாரம், கன்ட்ரோல் யூனிட்டுகள் எல்லாம் சேர்ந்து, ஒரு கோளாறும் இல்லாத காரிலேயே 30 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இழுத்துக்கொண்டிருக்கும். 40 என்று வைத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 ஆம்பியர்-மணி. 90 ஆம்பியர்-மணி ஏஜிஎம் பேட்டரி (இந்தக் கார்களில் வரும் சீல் வைத்த வகை) ஒன்றரை மாதத்தில் பாதியாகிவிடும். அந்த நிலையில் அப்படியே நிற்கவிட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகும். பிறகு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. சாவியைக் காரை ஒட்டிய சுவரில் மாட்டி வைப்பதும் கெடுதல். சில மாடல்களில் சாவியின் அலை பட்டுப்பட்டு காரின் யூனிட்டுகள் விழித்துக்கொண்டே இருக்கும்.

கார் சில மணி நேரம் நின்ற பிறகு மல்டிமீட்டர் 12.7 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.4-க்குக் கீழே வந்தால் சார்ஜ் போட்டே ஆகவேண்டும். 12.2 என்றால் பாதி காலி. இந்த எண்களை வீட்டு வாட்ச்மேனுக்கும் டிரைவருக்கும் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. வோல்டேஜ் குறைந்த காரில் செல்ஃப் அடிக்கும் அந்த ஒரு நொடியில் கன்ட்ரோல் யூனிட்டுகள் தடுமாறி, ஏபிஎஸ், ஸ்டியரிங், கியர் பாக்ஸ் என்று டேஷ்போர்டு முழுக்க எச்சரிக்கை விளக்குகள் எரியும். அதைப் பார்த்து சென்சார் சென்சாராக மாற்றிச் செலவழித்தவர்கள் ஏராளம். பேட்டரியைச் சோதிக்காமல் கோளாறைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டக்கூடாது. விசுவாசமான மெக்கானிக்கின் முதல் அடையாளம் இதுதான்.

தீர்வு எளிது. ஏஜிஎம் மோடு உள்ள 5 முதல் 10 ஆம்பியர் ஸ்மார்ட் சார்ஜர் ஒன்றை வாங்கிக் கொட்டகையிலேயே நிரந்தரமாக மாட்டி வைக்கலாம். அதன் கறுப்புக் கிளிப்பை பேட்டரியின் மைனஸ் முனையில் போடாமல் பாடியின் எர்த் போல்ட்டில் போடவேண்டும். மைனஸ் முனையில் உட்கார்ந்திருக்கும் சென்சார் வழியாகக் கரன்ட் போனால்தான் எவ்வளவு சார்ஜ் ஏறியது என்று காருக்குத் தெரியும். புது பேட்டரி போட்டால் பிஎம்டபிள்யூவிலும் ஆடியிலும் அதை ஸ்கேனர் மூலம் பதியவேண்டும். பதியாவிட்டால் பழைய பேட்டரிக்கு ஏற்றபடியே கார் சார்ஜ் செய்துகொண்டிருக்கும், புதியது சீக்கிரம் போகும். பேட்டரி டிக்கியில் இருக்கும் மாடல்களில் இன்னொரு சிக்கல்: பேட்டரி செத்தால் டிக்கியே திறக்காது. பானெட்டுக்குள் இருக்கும் சிவப்பு மூடி போட்ட ஜம்ப் முனை எங்கே என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளவேண்டும். மின்கலங்களை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் காரைக்குடியில்தான் இயங்குகிறது. அந்த ஊரிலேயே இத்தனை பேட்டரிகள் கவனிப்பாரில்லாமல் சாவது வருத்தமான விஷயம்.

“வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட விடு” என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுப் போவது இந்தப் பக்கத்து வழக்கம். நல்ல எண்ணத்தில் செய்யப்படும் பெரிய கெடுதல் இது. ஐந்து நிமிடத்தில் ஆயில் சூடாகாது. எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவி ஆயிலிலும் சைலன்சரிலும் தண்ணீராகத் தங்கும். எரியாத எரிபொருள் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். செல்ஃப் எடுத்துக்கொண்ட சார்ஜும் முழுசாகத் திரும்பி வராது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏசியைப் போட்டுக்கொண்டு முப்பது, நாற்பது கிலோமீட்டர் ஓட்டமுடியுமானால் ஓட்டலாம். ஏசியும் ஓடினால்தான் கம்ப்ரஸர் சீல் காயாமல் இருக்கும். அப்படி ஓட்ட ஆளில்லை என்றால் சார்ஜரை மாட்டிவிட்டுத் தொடாமல் விடுவதே மேல்.

ரப்பர், காற்று

மெர்சிடிஸ் 1998-இல் எஸ் கிளாஸில் ஏர்மேட்டிக் என்ற பெயரில் கொண்டுவந்த பிறகு காற்றுப் பை சஸ்பென்ஷன் ஆடி ஏ8, க்யூ7 என்று எங்கும் பரவியது. சொகுசுப் பயணத்தின் உயிர் அது. பழைய காரில் பெரும் செலவும் அதுதான். பை மடிந்து உருளும் மடிப்பில் ரப்பர் வெடிப்பு விடும். ஒரே உயரத்தில் மாதக்கணக்கில் நின்றால் வெடிப்பு அதே கோட்டில் ஆழமாகும். முதல் அறிகுறி, காலையில் ஒரு மூலை தாழ்ந்திருப்பது. ஸ்டார்ட் செய்ததும் கம்ப்ரஸர் காற்றடித்துச் சமப்படுத்திவிடுவதால் பலர் பொருட்படுத்துவதில்லை. கசிவை ஈடுகட்ட ஓய்வில்லாமல் ஓடி அந்தக் கம்ப்ரஸரும் எரியும். அதை இயக்கும் சுவிட்சான ரிலே ஒட்டிக்கொண்டால் பேட்டரியும் தீரும். ஒரு பையைக் காலத்தில் மாற்றாமல் விட்டால் மூன்று சாமான் வாங்க நேரும்.

சோப்புத் தண்ணீர் தெளித்துக் குமிழி வருகிறதா என்று பார்க்கலாம். மடிப்பில் வந்தால் பை, மேல் வால்வு இணைப்பில் வந்தால் வெறும் ஓ-ரிங். பை மாற்றும்போது கம்ப்ரஸர் ரிலேயையும் சேர்த்து மாற்றிவிடவேண்டும், அது சின்ன விலைதான். தாழ்ந்த காரின் அடியில் ஸ்டாண்ட் போடாமல் யாரும் தலை நுழைக்கக்கூடாது. மிச்சக் காற்று எப்போது வெளியேறும் என்று சொல்லமுடியாது, உயிர் போகும் விஷயம்.

டயரை எல்லோரும் பட்டன் தேய்வைப் பார்த்தே மதிப்பிடுகிறார்கள். நிற்கும் காரில் பட்டன் புதிதாகவே இருக்கும், ரப்பர் இறுகிப்போயிருக்கும். பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் படிக்கவேண்டும். 1817 என்றால் 2017-இன் 18-ஆவது வாரத்தில் செய்தது. ஆறு வருடம் தாண்டினால் வருடாவருடம் சோதனை, பத்து வருடம் ஆனால் எவ்வளவு பளபளத்தாலும் கழற்றிவிடவேண்டும். சென்னைக்கு நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும் கனமான கார் இது என்பது நினைவில் இருக்கட்டும். ரன்-ஃப்ளாட் டயர் உள்ள கார்களில் பெரும்பாலும் ஸ்டெப்னி கிடையாது. பஞ்சரான பின் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் சுமார் 80 கிலோமீட்டர் வரைதான் அது தாங்கும். காரைக்குடியிலிருந்து மதுரையும் திருச்சியும் ஏறக்குறைய அந்தத் தூரத்தில்தான் இருக்கின்றன.

லோயர் ஆர்ம் புஷ், இன்ஜின் மவுன்ட் இரண்டிலும் ரப்பருக்குள் திரவம் உண்டு. புஷ்ஷில் அது ஒழுகிவிட்டால் பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கும். மவுன்ட்டில் ஒழுகினால் சிக்னலில் நிற்கும்போது சீட் அதிரும். ஆபத்து உடனே இல்லை, தள்ளிப்போட்டால் டயரைத் தின்னும்.

சூடும் கூலன்ட்டும்

சித்திரை, வைகாசியில் நிழலிலேயே 38, 39 டிகிரி. ஊர்வலத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு ஏசி போட்டபடி அரை மணி நேரம் ஊர்ந்து போகும் காருக்கு எதிர்க்காற்று இல்லை, ஃபேனையும் பம்பையும் மட்டும் நம்பி இருக்கிறது. பிஎம்டபிள்யூவின் என்52, என்55 பெட்ரோல் இன்ஜின்களில் வாட்டர் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது. அது படிப்படியாக எச்சரித்துக் கெடாது, ஒரு நாள் நின்றுவிடும். சூட்டு எச்சரிக்கை வந்தபின் “வீடு வரைக்கும் போயிடலாம்” என்று ஓட்டினால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும். எட்டு, பத்து வருடமான காரில் பம்பையும் தெர்மோஸ்டாட்டையும் சேர்த்தே, கெடும் முன் மாற்றுவது புத்திசாலித்தனம். இரண்டுக்கும் கூலி ஒன்றுதான். எக்ஸ்பான்ஷன் டேங்க் (கூலன்ட் டேங்க்), அதன் மூடி, மேல் ஹோஸ்களின் பிளாஸ்டிக் கழுத்து மூன்றும் அதே நாளில் மாறட்டும். ஆடியின் 2.0 லிட்டர் பெட்ரோல் இன்ஜினில் பம்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்த பிளாஸ்டிக் பெட்டியே கசியும். இன்டேக்குக்கு அடியில் ஒளிந்திருப்பதால் கண்ணில் படாது. கூலன்ட் மாதம் கொஞ்சமாகக் குறைகிறது, தரையில் கறை இல்லை என்றால் அங்கேதான் பார்க்கவேண்டும்.

அவசரத்துக்கு போர்த் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை விட்டே ஆகவேண்டும். இந்தப் பக்கத்து உப்புத் தண்ணீர் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் பாறையாகப் படியும். நிறுவனம் சொன்ன கூலன்ட், டிஸ்டில்டு வாட்டர், பாதிக்குப் பாதி. கலர் ஒன்றாக இருக்கிறதே என்று கடையில் கிடைத்த வேறு வகையைக் கலந்தால் சில வகைகள் வண்டலாகத் திரியும். பிரேக் ஆயிலுக்கும் காலண்டர்தான்: ஓடினாலும் நின்றாலும் இரண்டு வருடம். ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் திரவம் அது.

இன்ஜின் குறியீட்டைக் கேட்டுவிட்டு விலை பேசுங்கள்

பழைய கார் வாங்குவோர் பிராண்டைக் கேட்கிறார்கள், சன்ரூஃப் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். இன்ஜின் குறியீட்டை யாரும் கேட்பதில்லை. ஒரே பெயர்ப் பலகைக்குப் பின்னால் இருபது வருடம் உழைக்கும் இன்ஜினும் இருக்கிறது, கையைக் கடிக்கும் இன்ஜினும் இருக்கிறது.

பிஎம்டபிள்யூவின் என்47 டீசலில், குறிப்பாக 2007 முதல் 2011 வரை வந்தவற்றில், டைமிங் செயின் தேய்ந்து அறுந்த கதைகள் உலகம் முழுக்க உண்டு. செயின் இன்ஜினின் பின்புறம், கியர் பாக்ஸ் பக்கம் இருக்கிறது. அதனால் மாற்ற இன்ஜினையோ கியர் பாக்ஸையோ இறக்கவேண்டும். 320டி, 520டி பலகை மாட்டிய பழைய 3, 5 சீரிஸ்களைப் பார்க்கப் போனால் இரவு முழுக்க நின்ற காரைக் காலையில் நீங்களே ஸ்டார்ட் செய்யவேண்டும். பின்பக்கத்திலிருந்து செயின் உரசும் சத்தம் கேட்டால் பேச்சு அத்தோடு முடியட்டும். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். பிஎம்டபிள்யூ டீசல்களுக்கு 2018-இல் தொடங்கிய இஜிஆர் கூலர் (இன்ஜினுக்கே திருப்பி விடப்படும் புகையைக் குளிர்விப்பது) திரும்ப அழைப்பும் உண்டு. கூலரில் கசியும் கூலன்ட் கரியோடு சேர்ந்து தீப்பிடிக்கக்கூடும் என்பது காரணம். சேஸிஸ் எண்ணைக் கொடுத்து அந்த வேலை முடிந்ததா என்று எந்த அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸிலும் கேட்கலாம்.

மெர்சிடிஸின் ஓஎம்642 என்ற 3 லிட்டர் வி6 டீசல் நல்ல உழைப்பாளி. இரண்டு வரிசைச் சிலிண்டர்களுக்கு நடுப் பள்ளத்தில் ஆயில் கூலர் உட்கார்ந்திருக்கிறது. அதன் சீல் சூட்டில் இறுகி ஒழுகும், ஆயில் பின்பக்கமாக இறங்கி கியர் பாக்ஸ் சீல் போனதுபோலத் தோற்றம் தரும். சீல் மலிவு, அதை எட்டுவதற்குள் டர்போ, இன்டேக் எல்லாம் கழற்றவேண்டும். நான்கு சிலிண்டர் ஓஎம்651-இன் முதல் வருடங்களில் இன்ஜெக்டர் தகராறு இருந்தது, வகை மாற்றிய பிறகு சரியானது. ஆடியின் 2008 முதல் 2011 வரையிலான 2.0 டிஎஃப்எஸ்ஐ பெட்ரோல் இன்ஜின்கள் பலவும் ஆயில் குடிக்கும், பிஸ்டன் ரிங் அமைப்பின் குறை. ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டருக்கு மேல் போனால் நிறுவனத்தின் கணக்குப்படியே அது கோளாறு.

எல்லா இன்ஜினுக்கும் பொதுவானது ஆயில் மாற்றும் இடைவெளி. டேஷ்போர்டு 15,000 அல்லது 20,000 கிலோமீட்டர் வரை போகலாம் என்று சொல்லும். புழுதியும் வெயிலும் குட்டிக்குட்டி ஓட்டமும் சேர்ந்த இந்த ஊருக்கு அது பொருந்தாது. 8,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலோ அது. நிறுவனத்தின் ஒப்புதல் எண் டப்பாவில் இருக்கவேண்டும்: பிஎம்டபிள்யூ எல்எல்-04, மெர்சிடிஸ் 229.51 அல்லது 229.52, ஆடி 504-507. வெறும் 5டபிள்யூ-30 என்று மட்டும் பார்த்து வாங்குவது போதாது. ஆறு சிலிண்டர் பிஎம்டபிள்யூவுக்கு 6.5 லிட்டர், ஓஎம்642-க்கு 8 லிட்டருக்கு மேல். ஐந்து லிட்டர் டப்பா ஒன்றோடு முடித்துவிடும் கடையில் விடக்கூடாது.

டீசல் காருக்கு இன்னொரு கண்டம் டிபிஎஃப், அதாவது கரி வடிகட்டி. சேர்ந்த கரியை எரிக்க இன்ஜின் சூடாகி, தொடர்ந்து 15, 20 நிமிடம் சீரான வேகத்தில் ஓடவேண்டும். பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, வைரவன்பட்டி என்று கோவில் கோவிலாக நின்று போகும் ஓட்டத்தில் அது நடக்காது. எரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தும்போதெல்லாம் கூடுதலாகச் செலுத்திய டீசல் ஆயிலில் இறங்கும். ஆயில் அளவு குறையாமல் கூடிக்கொண்டே போனால் மகிழவேண்டாம், அதில் டீசல் கலந்திருக்கிறது, உடனே மாற்றவேண்டும். காரைக்குடியிலிருந்து திருமயம் வழியாகப் புதுக்கோட்டை போய்த் திரும்பும் ஒரு காலை நேர ஓட்டம் இதற்கு நல்ல மருந்து. பிஎஸ்6 டீசல்களில் புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் யூரியாக் கரைசலான ஆட்ப்ளூவுக்கும் ஆயுள் உண்டு. 30 டிகிரியில் ஒரு வருடம் தாங்குவது, 35 டிகிரியில் ஆறு மாதம்தான். கொட்டகையில் அரை டேங்க் ஆட்ப்ளூவோடு கோடையைக் கழித்த காரில் இன்ஜெக்டர் முனையில் யூரியா படிகமாவது இதனால்தான். வருடத்துக்கு 3,000 கிலோமீட்டர் ஓடும் வீட்டுக்கு டீசல் சொகுசுக் கார் தேவையே இல்லை என்பது எங்கள் உறுதியான கருத்து.

பெட்ரோலிலும் கவனம் வேண்டும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது. 2023 ஏப்ரலுக்கு முந்தைய கார்கள் பலவற்றின் ஹோஸும் சீலும் அதற்கென்று செய்தவை அல்ல. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும் என்பதால், நிறுத்தப் போகும் காரின் டேங்கை நிரப்பி நிறுத்தவேண்டும். திரும்பி வந்ததும் அந்தப் பழைய பெட்ரோலைச் சீக்கிரம் ஓட்டித் தீர்த்துவிடவேண்டும்.

கியர் பாக்ஸ் விஷயத்தில் ஒரு சொல் பலரைக் கவிழ்த்திருக்கிறது: ஆயுள்கால ஆயில். பிஎம்டபிள்யூ, ஆடி, ஜாகுவார் எனப் பலவற்றிலும் இருக்கும் 8எச்பி கியர் பாக்ஸைச் செய்யும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது. பிளாஸ்டிக் ஆயில் பேனுக்குள்ளேயே ஃபில்டர் இருப்பதால் பேனோடுதான் மாற்றவேண்டும். ஆயில் 40 டிகிரி சூட்டை ஒட்டி இருக்கும்போது, இன்ஜின் ஓடியபடி, எல்லா கியரும் போட்டுப் பார்த்தபின் அளவு சரிசெய்யவேண்டும். குளிர்ந்த நிலையில் ஊற்றி மூடிவிட்டால் அளவு தப்பும், கியர் பாக்ஸ் இழுத்து இழுத்து மாறும். ஆடியின் ஏழு வேக எஸ்-ட்ரானிக் பலவற்றுக்கு 60,000 கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்டரும் கட்டாயம்.

செம்மண், வேப்பிலை, எலி

வீட்டு வாசலில் வேப்பமரம் நிழல் தரும். அதன் இலையும் பூவும் வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தில் விழுந்து வடிகால் துளையை அடைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அங்கே தேங்கும் தண்ணீர் இன்ஜின் கன்ட்ரோல் பெட்டிக்குள்ளோ ஏசி ப்ளோவர் வழியாகக் கார்ப்பெட்டுக்குக் கீழேயோ இறங்கும். பல மாடல்களில் கன்ட்ரோல் யூனிட்டுகள் கார்ப்பெட்டுக்கு அடியிலும் டிக்கிப் பள்ளத்திலும்தான் இருக்கின்றன. சன்ரூஃபின் நான்கு மூலையிலும் மெல்லிய குழாய் உண்டு. புரட்டாசியில் ஒவ்வொரு மூலையிலும் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, சக்கரத்துக்குப் பின்னால் வடிகிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை. வடியவில்லை என்றால் மெல்லிய நைலான் கம்பியை விட்டுச் சுத்தம் செய்யவேண்டும். கம்ப்ரஸர் காற்று அடித்தால் உள்ளே குழாய் கழன்று விழும், பிறகு கூரைத் துணியையே இறக்கவேண்டிவரும்.

செம்மண் புழுதி ஏசி கண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் கம்பளிபோலப் படியும். வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகவே தெரியும். கோடைக்கு முன் முன்பக்கத்தைக் கழற்றி, குறைந்த அழுத்தத்தில் உள்ளிருந்து வெளியே தண்ணீர் விட்டுக் கழுவவேண்டும். லெக்ஸஸ் இஎஸ்300எச் போன்ற ஹைப்ரிட்களில் பேட்டரிக்குக் காற்று பின் சீட் பக்கத்துக் கிரில் வழியாகப் போகிறது. அந்த வலை அடைத்தால் விலை உயர்ந்த பேட்டரி சூட்டில் வாடும். பின் சீட்டில் சாமான் அடுக்கி அந்தக் கிரிலை மூடிவிடுவதும் அதே கெடுதல்தான்.

எலிக்குப் புகையிலைக் கட்டு தொங்கவிடுவது ஓரளவு பலிக்கும். நிச்சயமான வழி, கொட்டகையின் கதவடி இடுக்கையும் துளைகளையும் நெருக்கமான இரும்பு வலையால் அடைப்பது, நெல் மூட்டையைக் காரின் பக்கத்தில் வைக்காமல் இருப்பது. கடிபட்ட ஒயரை ஒட்டும்போது கவனம் வேண்டும். ஒன்றோடொன்று முறுக்கிய இரட்டை ஒயர்கள் தகவல் போகும் பாதை. முறுக்கைப் பிரித்து நேராக ஒட்டிவிட்டால் கார் ஓடும், காரணமில்லாத பிழைகள் வந்துகொண்டே இருக்கும்.

செலவுக் கணக்கில் எல்லோரும் தவறும் இடம் ஒன்று. அறுபது லட்சம் ரூபாய்க் காரைப் பத்து வருடம் கழித்துப் பன்னிரண்டு லட்சத்துக்கு வாங்கலாம். சாமான் விலை மட்டும் அறுபது லட்சக் காருடையதாகவே இருக்கும். அதனால் வாங்கும்போதே கையில் தனியாக இரண்டு லட்சமாவது ஒதுக்கி வைக்காமல் இறங்கக்கூடாது. அதைக் குறைக்க ஒரு நேர்மையான வழி இருக்கிறது. லோயர் ஆர்முக்கு லெம்ஃபோர்டர், ஷாக்குக்கு பில்ஸ்டெயின் அல்லது சாக்ஸ், ஃபில்டருக்கு மான் அல்லது மாலே, பேக்கிங்குக்கு எல்ரிங் என்று, கார் நிறுவனங்களுக்கே செய்து கொடுப்பவர்களின் சாமானை அவர்கள் டப்பாவிலேயே வாங்கலாம். தரம் குறையாது, விலை குறையும். வெளி ஒர்க்‌ஷாப்பில் விடுவதானால் அங்கே பிஎம்டபிள்யூவுக்கு இஸ்டா, மெர்சிடிஸுக்கு ஸென்ட்ரி, ஆடிக்கு ஓடிஸ் என்ற சோதனை மென்பொருள் இருக்கிறதா என்று முதலில் கேட்கவேண்டும். நின்றுபோன காரைக் கயிறு கட்டி இழுக்கவே கூடாது. இன்ஜின் ஓடாதபோது கியர் பாக்ஸுக்குள் ஆயில் பம்ப் சுற்றாது, சக்கரம் சுற்றச் சுற்ற உள்ளே வறண்டு தேயும். நாலு சக்கரமும் மேலே ஏறும் தட்டு லாரி ஒன்றின் எண்ணைப் போனில் வைத்திருக்கவேண்டும்.

ஆறு மாதம் நின்ற காரை விசேஷத்துக்கு எடுப்பதானால் இரண்டு நாள் முன்பே ஊருக்கு வந்துவிடவேண்டும். முதல் நாள் சார்ஜர் போட்டுப் பேட்டரியை நிரப்புங்கள். பானெட்டைத் திறந்து எலிக்கூடு, கடித்த ஒயர், கூலன்ட் அளவு பாருங்கள். டயர்க் காற்றைச் சரிசெய்யுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தியிருந்தால் ஒட்டியிருக்கும். அடுத்த முறை சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ‘பி’ (பார்க்) கியரில் மட்டும் நிறுத்துங்கள். ஸ்டார்ட் செய்தபின் ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் ஒரு நிமிடம் விட்டு, பத்து கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள். டிஸ்கில் படிந்த துரு போகும்வரை பிரேக்கை மெல்ல மெல்லப் பிடியுங்கள். ஆயில் சூடானபின் நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டி, வீட்டுக்கு வந்து காருக்கு அடியில் அகலமான அட்டையை விரித்து வையுங்கள். மறுநாள் காலையில் அட்டையில் கறை இல்லை, நான்கு மூலையும் ஒரே உயரம், கூலன்ட் அதே கோட்டில் என்றால், சென்னைக்குக் கிளம்பலாம்.